முப்பத்து மூன்றாவது ஆள்

எங்கள் தையல் ஃபேக்டரி கேன்டீனில் அவளுக்குப் பெயர் கறார் அக்கா. நிரந்தரத் தொழிலாளிக்கு மூன்று துண்டு ரொட்டி, இரண்டு கப் டீ. காண்ட்ராக்ட் ஆளுக்கு இரண்டு துண்டு, ஒரு கப். இந்த ஓரவஞ்சனை முதலாளியுடையது, வசவு மட்டும் அவளுக்கு. பத்தாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள், புருஷன் விட்டுப்போன பிறகு இங்கே ரொட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். காலையில் எண்ணி வைப்பாள், இடைவேளை முடிந்ததும் மிச்சத்தை எண்ணுவாள். கப் கழுவுகிற எனக்கும் அவளுக்கும் அதில் பங்கு கிடையாது.

அந்தக் கறாரில் ஓர் ஓட்டை இருந்ததை நான் ஒருத்திதான் அறிவேன். அவளுடைய தங்கையும் அங்கே காண்ட்ராக்ட்தான், மாசமாக இருந்தாள். அவளுக்கு மட்டும் தினமும் இரட்டைப் பங்கு.

ஒரு நாள் டீ முடிந்து ஒரு மணி நேரத்தில் கட்டடம் இடிந்தது. கேன்டீன் தனிக் கொட்டகை என்பதால் நாங்கள் இருவரும் பிழைத்தோம். தங்கையை அன்றே பிணமாக எடுத்தார்கள். அடக்கம் முடிந்த மறுநாளே அக்கா இடிபாட்டுக்கு வந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் முதலாளி, "மொத்தம் அம்பத்தொம்பது பேர். உயிரோடயும் பொணமாவும் எல்லாரும் வந்தாச்சு" என்றார். மீட்பு அதிகாரி மண் அள்ளும் இயந்திரத்தை வரச் சொன்னார். அப்போது ஓர் அம்மா குறுக்கே விழுந்தாள். "என் பொண்ணு இன்னும் வரலைய்யா! வேலைக்குச் சேந்து நாலு நாள்தான் ஆச்சு!"

"அப்படி யாரும் எங்கிட்ட வேலை பாக்கலை" என்று காண்ட்ராக்ட் ஆட்களைக் கொண்டுவரும் மேஸ்திரி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான்.

அக்கா ஓர் அட்டையைக் கிழித்து அதிகாரி முன்னால் எழுதினாள்.

"அன்னிக்குப் போன ரொட்டி நூத்தி நாப்பத்தேழு துண்டு. டீ எம்பத்தேழு கப். நிரந்தரம் எக்ஸ், காண்ட்ராக்ட் ஒய். மூணு எக்ஸ், ரெண்டு ஒய், நூத்தி நாப்பத்தேழு. ரெண்டு எக்ஸ், ஒரு ஒய், எம்பத்தேழு. இந்த ரெண்டாவதை ரெட்டிப்பாக்கி, அதுல முதலாவதைக் கழிங்க சார். எக்ஸ் இருபத்தேழு."

கம்பெனிப் பதிவேட்டிலும் நிரந்தரம் இருபத்தேழுதான். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"ஒய் முப்பத்து மூணு. மொத்தம் அறுபது. இன்னும் ஒருத்தி உள்ள இருக்கா சார்."

"யாராவது ரெண்டு தடவை வாங்கியிருந்தா?"

நான் அக்காவைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் ஒய் முப்பத்திரண்டு ஆகிவிடும், தேடல் நின்றுவிடும்.

"என் கையைத் தாண்டி ஒரு துண்டு போகாது சார். யாரை வேணும்னாலும் கேளுங்க."

கேட்டார். பிழைத்தவர்கள் அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். இத்தனை வருஷம் அவளைக் கரித்துக்கொட்டிய வாய்கள்தான்.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையால் தோண்டினார்கள். மறுநாள் மதியம் மாடிப்படிக்கு அடியில் அந்தப் பெண் கிடைத்தாள். உயிர் இல்லை.

"உங்க கணக்கு சரிம்மா" என்று அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா தலை நிமிரவில்லை. ரொட்டி தின்றவர்கள் ஐம்பத்தொன்பது பேர்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அறுபதாவது பங்கு தங்கைக்குக் கூடுதலாகப் போனது. புது ஆள் என்று மேஸ்திரி இந்தப் பெண்ணை அன்று இடைவேளைக்கே விடவில்லை, பாவி.

மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அம்மா அக்காவிடம் வந்தாள்.

"காலையில ஒண்ணும் சாப்பிடாமதான் ஓடினா. உன் கையால ஏதாவது சாப்பிட்டாளாம்மா?"

"சாப்பிட்டாம்மா" என்றாள் அக்கா. "ரெண்டு துண்டு. டீயும் குடிச்சா."