ஸ்டெல்லா பேசிய ஜப்பான்

ஸ்டெல்லா, இன்று காலை உன் சீட்டில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். மூன்று மாதமாக என் டிபன் பையை வைத்து அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தேன். இன்று பஸ்ஸில் கூட்டம். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

படிக்கிற உங்களுக்கு இவள் யாரென்று தெரியாது. ஸ்டெல்லாவும் நானும் வாலாஜாபாத்தில் ஒரே ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறுவோம். பிள்ளைப்பாக்கம் போக முக்கால் மணி நேரம். கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் நாங்கள் படம் பார்ப்பதெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில்தான். ஒரு போன், ஒரு இயர்போன், ஆளுக்கு ஒரு காது. என் காதுப் பக்கம் எப்போதும் கரகரவென்றுதான் கேட்கும். டீசல் நாற்றமும் ஈரத் தலைகளின் ஷாம்பு வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் ஜப்பான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள்.

அது ஜப்பான்காரர்களின் பொம்மைப் படத் தொடர். அதில் ஒன்றுமே நடக்காது. மலை, வயல், தவளைச் சத்தம், நாளைக்கு இரண்டு தரம் வருகிற ஒரு பஸ். ஒரு சின்னப் பெண் தர்பூசணி தின்று கொட்டையைத் துப்புவாள், அதோடு அன்றைய கதை முடிந்துவிடும். முதல் நாள் எனக்குச் சகிக்கவில்லை.

"இன்னாடி இது, ஒரு கம்பெனிகூட காணோம். இதுங்கல்லாம் எங்க வேலைக்கு போவுதுங்க?"

"எல்லாம் செகண்ட் ஷிப்ட்டுடி. அதான் காலைல சும்மா சுத்தினு கீதுங்க."

கீழே இங்கிலீஷ் எழுத்து ஓடும். நான் எட்டாவதோடு நின்றவள். ஒரு வார்த்தையைக் கூட்டிப் படிப்பதற்குள் மலை போய் வயல் வந்துவிடும். "கீழ பாக்காத. மூஞ்சிய பாரு, நான் சொல்றேன்" என்பாள். அப்புறம் ஜப்பானே தமிழ் பேசும். பெட்டிக்கடைக் கிழவர் எங்கள் லைன் சூப்பர்வைசர் குரலில், "இன்னாமா, டார்கெட் முடிச்சியா?" என்று கேட்பார். நான் சிரிக்கிற சிரிப்பில் முன் சீட்டு செல்வி அக்காவுக்குத் தூக்கம் கலையும். "ஏய், உங்க ஜப்பான்காரங்கள கொஞ்சம் மெதுவா பேச சொல்லுங்கடி."

அந்தச் சின்னப் பெண் தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பாள்.

"யாருக்குடி நிக்கறா?"

"அவங்கம்மாவுக்கு. ஷிப்ட் முடிஞ்சும் அம்மா ஓ.டி. பாத்துகினு கீறாங்க."

எனக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அந்தப் பெண்ணின் அம்மா பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்தே தீர வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. "இன்னும் வரலியா?" என்று தினமும் நச்சரிப்பேன். "வருவாங்கடி. ஆள் பத்தல போல, வுட மாட்றாங்க" என்பாள்.

கடைசி வாரம் அவள் சரியாகப் பேசவில்லை. "இன்னிக்கு அங்க எல்லாரும் தூங்கறாங்க. நாமளும் தூங்கலாம்" என்று என் தோளில் சாய்ந்தாள். எனக்குக் கோபம். இயர்போனைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் நெற்றி சுட்டது எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் திரும்பினேன். மறுநாள் அவள் வரவில்லை. மஞ்சள் காமாலை முற்றிவிட்டது என்றார்கள். பத்தாம் நாள் கல்லறைத் தோட்டத்தில் மண் அள்ளிப் போட்டேன்.

இன்று பக்கத்தில் உட்கார்ந்த பெண் புதுசு, டிப்ளமோ படித்தவள். போனை எடுத்தாள். அதே மலை, அதே வயல். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தப் பொண்ணோட அம்மா வந்துட்டாங்களா?"

"எந்த அம்மாக்கா? அவங்கதான் செத்துட்டாங்களே. மொத எபிசோடுலயே கீழ எழுத்துல போட்டாங்களே. அது சும்மா பஸ்ஸ பாக்க வந்து நிக்குது."

ஸ்டெல்லா பன்னிரண்டாவது முடித்தவள். லைனில் ஒட்டியிருக்கிற இங்கிலீஷ் தாளையெல்லாம் எங்களுக்கு அவள்தான் படித்துச் சொல்வாள். அப்படியென்றால் இதையும் முதல் நாளே படித்திருக்கிறாள். படித்துவிட்டு, என் மூஞ்சியைப் பார்த்து, அந்த அம்மாவை ஓ.டி.க்கு அனுப்பிவிட்டாள். தினமும் அனுப்பினாள்.

"ஏன்கா, இன்னா ஆச்சு?" என்றாள் அந்தப் பெண்.

"ஒண்ணுமில்ல. நாங்க பாத்ததுல அவங்க ஓ.டி.ல கீறாங்க."

அவளுக்கு என்ன புரிந்ததோ, ஒரு காதை என் பக்கம் நீட்டினாள். வாங்கி வைத்துக்கொண்டேன். புது இயர்போன், கரகரப்பே இல்லை. தவளை, தண்ணீர், காற்று எல்லாம் சுத்தமாகக் கேட்டது. யாரும் தமிழில் பேசவில்லை.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எங்கள் ஸ்டெல்லாவுக்காக ஒரு தரம் வேண்டிக்கொள்ளுங்கள். போன இடத்தில் அவள் யார் தோளிலாவது சாய்ந்தால், யாரும் திரும்பிக்கொள்ளக் கூடாது என்று வேண்டிக்கொள்ளுங்கள்.