அம்மா போட்ட சாக்பீஸ் ரவுண்டு

நினைவு மலர்னா "இம்மண்ணில் உதித்து"ன்னு ஆரம்பிக்கணுமாம். பெரியப்பா அப்படித்தான் ஒரு பக்கம் எழுதிக் குடுத்தாரு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதைப் படிச்சா அம்மா எங்கயோ ஒரு நாற்காலியில அமைதியா உக்காந்திருக்கற மாதிரி தோணுச்சு. எங்கம்மா உக்காந்து உங்கள்ல யாராச்சும் பாத்திருக்கீங்களா? சோறே நின்னுக்கிட்டு திங்கற ஆளு. அதனால பெரியப்பாவோட பக்கத்தை முன்னாடி போட்டாச்சு, இது நான் எழுதறது. பேசற மாதிரிதான் எழுத வரும். பெரியவங்க கோச்சுக்காதீங்க.

அம்மா பொறந்தது உத்தனப்பள்ளி பக்கம். தாத்தாவுக்கு சொந்த நிலம் கிடையாது, மத்தவங்க தோட்டத்துல தக்காளி பறிக்கற குடும்பம். பறிச்சு வந்த கூடையில அழுகலு, ஓட்டை விழுந்தது எல்லாம் தனியா எடுக்கற வேலை சின்ன வயசுலயே அம்மாவுக்குன்னு பெரியம்மா சொல்லுவாங்க. அவங்க எடுத்து வெச்ச கூடையை மண்டியில மறுபடி கொட்டிப் பாக்க மாட்டாங்களாம். பத்தாவது முடிச்சதும் மெயின் ரோடு வரைக்கும் நடந்து வந்து கம்பெனி பஸ் ஏறி ஓசூர் வேலைக்குப் போனாங்க. வண்டி இன்ஜினுக்கு அலுமினியம் காஸ்டிங் பண்ற கம்பெனி. முதல்ல லைன்ல நின்னாங்க, அப்பறம் QC. அவங்களை விட வயசானவங்களே "QC அக்கா"ன்னுதான் கூப்பிடுவாங்க.

அந்த வேலை என்னன்னா, பீஸ் ஒவ்வொண்ணா கையில எடுத்து, திருப்பி, தடவிப் பாத்து, எங்க குறை இருக்குதோ அங்க சாக்பீஸ்ல மார்க் போடணும். ரவுண்டு போட்டா சரி பண்ணலாம், ரிவொர்க். கிராஸ் போட்டா அவ்வளவுதான், தூக்கிப் போட வேண்டியது. வீட்டுலயும் அதே பொழப்பு. அப்பா ஷேவ் பண்ணிட்டு வந்தா தாடையில விட்டுப்போன எடத்தைச் சுத்தி விரலால ரவுண்டு போடுவாங்க. அவரும் பேசாம திரும்பிப் போவாரு.

அப்பா போச்சம்பள்ளி பக்கம் ஒரு கம்பெனிக்கு பஸ் ஓட்டறாரு. நான் ஸ்கூல்ல இருக்கறப்ப முதுகுல டிஸ்க் பிரச்சனை ஆகி அவரு வண்டியே தொட முடியாம கெடந்தாரு. அப்ப அம்மா ஓவர்டைம் பாத்து பாத்துதான் குடும்பம் ஓடுச்சு. நான் மெக்கானிக்கல் படிச்சதும் அதுலதான். இதைச் சொன்னா அம்மாவுக்கு கோவம் வரும், கோவம் வந்தா பொறந்த வீட்டுத் தெலுங்கு வரும், அதனால இதோட விட்டுடறேன்.

அம்மா வேலையை விட்டு நின்னப்பறம்தான் சூளகிரியில வீடு கட்ட ஆரம்பிச்சோம். எல்லாம் முடிஞ்சு மெயின் டோர் வந்துச்சு. தேக்கு, ஆறு பேனல். பாலீஷ் போடற அண்ணன் "நாளைக்கு வரேங்க்கா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அம்மா ஒரு நாள் போனை வெச்சுட்டு, "எழுந்திரு, ஓசூர் போறோம். மெஷின் வாங்கி நானே தேய்ச்சிக்கறேன்"ன்னாங்க.

கடைக்காரர் பாதி தமிழ் பாதி கன்னடம். முதல்ல பெல்ட் சாண்டரை, உப்புத்தாள் பட்டையா ஓடற மெஷினை, எடுத்து வெச்சாரு. சுவிட்ச் போட்டதும் அது கன்னுக்குட்டி மாதிரி முன்னாடி இழுத்துக்கிட்டு ஓடுச்சு. "கதவையே தின்னுடும்"னு அம்மா தள்ளி வெச்சாங்க. நான் வட்டமா சுத்தற சாண்டரைக் காட்டி, "இதை வாங்கும்மா, வேகமா தேய்க்கும், யூடியூப்ல எல்லாரும் இதான் வெச்சிருக்காங்க"ன்னேன்.

"ஏண்டி, நம்ம கதவுல எத்தன மூலை இருக்குது? வட்டத்தை மூலைக்குள்ள எப்பிடி விடுவ? அதுக்குன்னு ஒட்டற பேப்பர் தீந்துபோச்சுன்னா உன் யூடியூப்காரன் சூளகிரிக்கு கொண்டாந்து தருவானா?"

அப்பறம்தான் ஷீட் சாண்டர். அடியில சதுரமா ஸ்பாஞ்சு வெச்ச தட்டு, சாதாரண உப்புத்தாளை வெட்டி ரெண்டு பக்கமும் கிளிப்புல மாட்டிக்கலாம். பெருசு ஒண்ணு, ரெண்டு கையால புடிக்கறது. சின்னது ஒண்ணு, தாளை நாலா வெட்டிப் போடறது, உள்ளங்கையில அடங்கற அளவு. அம்மா சின்னதை எடுத்து கையில வெச்சுப் பாத்தாங்க. ஆன் பண்ணாங்க. அடுத்த நிமிஷம் கடை டேபிள் ஓரத்தை தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க.

"அம்மா, ஆஃப் மாடி, ஆஃப் பண்ணுங்க. அது என் டேபிள்."

"உங்க டேபிள் சொரசொரன்னு இருக்குதுங்க. இப்ப தடவிப் பாருங்க."

அவரு தடவிப் பாத்தாரு. அம்மா அதுக்குள்ள கிளிப்புல இருந்த தாளை இழுத்துப் பாத்து, "இது லூசா புடிக்குது, தாள் கிழிஞ்சிடும், வேற பீஸ் குடுங்க"ன்னு அதை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ரெண்டாவது பீஸ் கிளிப்பு கிண்ணுன்னு இருந்துச்சு. தூசி உறிஞ்சற பை இருக்குதா, தாள்ல ஓட்டை போடற தட்டு கூட வருதான்னு பாத்தாங்க. ஓட்டை போடலைன்னா தூசி பைக்குப் போவாது, தாளுக்கு அடியிலயே நிக்கும். மெஷினை ஓட விட்டு கை எவ்வளவு அதிருதுன்னு பாத்துட்டுத்தான் "சரி, கட்டுங்க"ன்னாங்க. கடைக்காரர் என்னைப் பாத்து, "உங்கம்மா எந்த கம்பெனி?"ன்னாரு.

வாங்கறதுல காட்டுன பொறுமை தேய்க்கறதுல இல்ல. கதவை புது வீட்டு ஹால்ல ரெண்டு ஸ்டூல் மேல படுக்க வெச்சு, மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு ஆரம்பிச்சாங்க. இந்த மெஷினை அழுத்தக் கூடாது. அதோட வெயிட்டே போதும். அழுத்துனா தட்டு ஆடறது நின்னு, ஒரே எடத்துல பள்ளம் பண்ணும். மரத்தோட ரேகை போற பக்கமாத்தான் மெதுவா நகத்தணும். நான் மெஷினோட வந்த புக்கைப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அப்பாவும், "அழுத்தாத, அதும்பாட்டுக்கு ஓடட்டும்"ன்னாரு.

"அதும்பாட்டுக்கு ஓடுனா அடுத்த பொங்கலுக்குத்தான் குடி போவணும்."

நம்பர் ஏற ஏற தாள் நைஸா ஆகும். எம்பது நம்பர் தாள்ல தேய்ச்சா அடுத்து நூத்தி இருவது போட்டுட்டுத்தான் நூத்தி எம்பது போடணும். அம்மா நடுவுல இருக்கறதை தாண்டிட்டாங்க. ஒவ்வொரு தாளுக்கும் நடுவுல துணியால தூசியைத் தொடைக்கணும், அதையும் தொடைக்கல. கையால தடவிப் பாத்தா வழவழன்னுதான் இருந்துச்சு. பாலீஷுக்கு முன்னாடி அடிக்கற சீலர் ஒரு கோட் அடிச்சதும் வந்துச்சு பாருங்க. கதவு முழுக்க சுருள் சுருளா கீறல், பன்னிவால் மாதிரி. பழைய தாளோட பெரிய மணல் ஒண்ணு ரெண்டு அடியில மாட்டிக்கிட்டு வரைஞ்ச கோலம்.

அம்மா டார்ச்சை கதவு மேல படுக்க வாட்டுல புடிச்சுப் பாத்தாங்க.

"எந்த புரொடக்ஷன்காரிடி இதைச் செஞ்சது?"

"நீதாம்மா."

"அவளுக்கு மெமோ குடு."

சிரிச்சுக்கிட்டே சாக்பீஸ் எடுத்து ஒவ்வொரு சுருளுக்கும் ரவுண்டு போட ஆரம்பிச்சாங்க. எங்கம்மாவோட மொத்தக் கதையும் இதான். கையி புரொடக்ஷன், கண்ணு QC, ரெண்டுக்கும் உள்ளுக்குள்ளயே சண்டை. கதவு பூரா ரவுண்டு. கிராஸ் ஒண்ணு கூட இல்ல.

அந்த வாரமே அம்மாவுக்கு நெஞ்சு வலி. அப்பாதான் வண்டி ஓட்டினாரு. வழியெல்லாம் "கேஸ் மூடினியா, மாடி லைட்டை அணைச்சியா"ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்கு முன்னாடி கேக்கறது நின்னுபோச்சு. இதுக்கு மேல எனக்கு எழுத வரல.

துக்க வீட்டுல வருசம் திரும்பறதுக்குள்ள குடி போகக் கூடாதுன்னு, வாசலுக்கு ஒரு தகரக் கதவை மாட்டி புது வீட்டைப் பூட்டியாச்சு. கதவு ஸ்டூல் மேலயே கெடந்துச்சு. அப்பா அதுக்கு பெட்ஷீட் போர்த்தி வெச்சாரு. வேலை முடிஞ்சதும் நேரா அங்க போய் பெட்ஷீட்டை விலக்கிப் பாத்துட்டு வருவாரு. எனக்கு அதைப் பாத்தாலே கை துறுதுறுங்கும். இப்ப வருசம் திரும்புது, திதி முடிஞ்சதும் குடி போறதுன்னு பேச்சு வந்துச்சு. கதவை நான் தேய்க்கறேன்னேன்.

"வேணாம் பாப்பா. அப்பிடியே மாட்டிடலாம். அவ கை பட்டது."

பெரியம்மாவும் "அவ ஞாபகமா இருக்கட்டுமே"ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம். "அது ரவுண்டுப்பா. ரவுண்டு போட்டா சரி பண்ணுன்னு அர்த்தம். ஞாபகமா வெச்சுக்கோன்னு அர்த்தமில்ல"ன்னேன். அப்பா அப்பறம் எங்கிட்ட சரியா பேசவே இல்ல. வெச்ச தட்டை எடுத்துச் சாப்பிடுவாரு, போவாரு. நான் அழிச்சுட்டா அவருகிட்ட அம்மாவோடதுன்னு என்ன மிச்சம்? எனக்கும் தெரியும். தெரிஞ்சும் அந்தக் கதவை அப்படியே மாட்ட என்னால ஒத்துக்க முடியல.

அம்மாகூட லைன்ல நின்ன அக்கா ஒருத்தங்க நினைவு நாளுக்கு உதவி என்ன வேணும்னு கேக்க வந்தாங்க. புது வீட்டைக் காட்டறப்ப அப்பா பெட்ஷீட்டை விலக்கினாரு. அந்தக்கா கதவைப் பாத்தாங்க, அப்பாவைப் பாத்தாங்க.

"என்னண்ணா, இன்னும் ரிவொர்க் ஆகாம நிக்குது? QC அக்கா ரவுண்டு போட்டாங்கன்னா நாங்க டீக்கு கூட போவ மாட்டோம். அவங்க பாத்தா என்னா பேச்சு வாங்குவீங்க தெரியுமா?"

அவங்க கெளம்பினதும் அப்பா கீழ் மூலையில இருந்த சின்ன ரவுண்டைக் காட்டி, "இது ஒண்ணு மட்டும்"ன்னாரு.

நான் மெஷினை எடுத்தேன். தாளை இழுத்து மாட்டி, ஓட விட்டுட்டு அப்பறம் மரத்துல வெச்சேன். அழுத்தல. எம்பது, தொடைச்சேன். நூத்தி இருவது, தொடைச்சேன். அப்பறம் நூத்தி எம்பது. ரவுண்டு போச்சு, சுருளும் போச்சு. தூக்கிட்டுத்தான் ஆஃப் பண்ணேன். அப்பா டார்ச்சைச் சாய்ச்சுப் புடிச்சுப் பாத்தாரு. கையால தடவினாரு. மறுபடியும் தடவினாரு.

"அடுத்தது போடு."

அன்னிக்கு ஆரம்பிச்சு தெனமும் சாயந்திரம் அப்பா டார்ச்சு, நான் மெஷின். கடைசி பேனல்ல டார்ச்சு அடிச்சவரு குனிஞ்சு கிட்ட போய்ப் பாத்தாரு. ரவுண்டுக்கு வெளியில ஒரு சுருள்.

"பாப்பா, இது அவ கண்ணுக்குத் தப்பிடுச்சு."

ஜன்னல் மேல அம்மா வெச்ச சாக்பீஸ் அங்கயேதான் இருந்துச்சு. அப்பா எடுத்துட்டு வந்து அந்த சுருளைச் சுத்தி ரவுண்டு போட்டாரு. முட்டை மாதிரி கோணலா வந்துச்சு. அதைப் பாத்து அவரே சிரிச்சாரு. இந்த வருசத்துல நான் கேட்ட மொத சிரிப்பு. அதை அவரே தேய்க்கறேன்னு மெஷினை வாங்கிட்டாரு. வாங்கினவரு அழுத்தினாரு. "அழுத்தாதப்பா"ன்னு நான் கத்தினேன்.

அம்மாவைத் தூக்கிட்டு ஓடினப்ப கூட ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும், காரியம் முடியற வரைக்கும் எங்களுக்குச் சோறு போட்ட சொந்தங்களுக்கும், ஷிப்ட் மாத்திக்கிட்டு வந்து நின்ன அம்மாவோட கம்பெனிக்காரங்களுக்கும், அப்பாவோட பஸ்ஸை அத்தனை நாளும் ஓட்டிக் குடுத்த டிரைவர் அண்ணன்களுக்கும் அப்பாவும் நானும் கும்புட்டுக்கறோம். முன் பக்கம் எழுதிக் குடுத்த பெரியப்பாவுக்கும்தான்.

இந்த மலரை வாங்கிட்டுப் போறவங்க குடி போற அன்னிக்கும் கண்டிப்பா வாங்க. காலிங் பெல் அடிக்கறதுக்கு முன்னாடி கதவை ஒரு தடவை தடவிப் பாருங்க. எங்கனா சொரசொரன்னு கையில பட்டுச்சுன்னா, ஜன்னல் மேல சாக்பீஸ் இருக்குது. ரவுண்டு போட்டுட்டு உள்ள வாங்க. அன்னிக்கே நான் சரி பண்ணிடறேன்.