கடைசிக் காட்சிக்கு முன் விளக்கைப் போடச் சொன்னவர்

அன்று காலை முதல் வேலையாகக் காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. நோர்பரியில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் புலம்பெயர் தமிழர் திரைப்பட வட்டத்தின் தலைவர் சிவஞானம் அண்ணை காலமாகிவிட்டார். நான் காருக்குள் ஏறி உட்காருவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் அவர் இமயமாகவும் ஆலமரமாகவும் ஆகியிருந்தார். அந்த வட்டத்தில் ப்ரொஜெக்டர் இயக்குபவள் நான். எனக்குத் தெரிந்த மனிதர் அவ்வளவு உயரமில்லை.

சீன வாள்சண்டைப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். படம் தொடங்குமுன் எழுந்து நின்று பாத்திரங்களைத் தரம் பிரிப்பார். இவன் வீரன், இவன் கோழை, இவள் துரோகி. சந்தையில் மீன் பிரிப்பதுபோல.

அவர் அடிக்கடி போட்ட ஒரு படத்தில், எதிரிகள் வாசலுக்கு வரும் நேரம் பார்த்துக் குருவை விட்டு வெளியேறும் வாள்வீராங்கனை ஒருத்தி உண்டு. குருவின் மூத்த சீடன் எதிரிகளைச் சண்டையில் வென்றதும் அண்ணை எழுந்துவிடுவார்.

"முடிஞ்சுது. லைட்டைப் போடும், பிள்ளை."

"இன்னும் படம் கிடக்கு அண்ணை. அவள் ஏன் போனவள் எண்டு பார்க்க வேண்டாமே?"

"போனவளுக்கு என்ன கதை? தேத்தண்ணி ஆறுது."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "பிள்ளைக்கும் ஒரு வாள் வாங்கிக் குடுங்கோ அண்ணை!" மண்டபம் சிரித்தது. இதைப் படிக்கும் உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள்.

மிகுதியை வீட்டில் பார்த்தேன். எதிரிக்கு வாசலைத் திறந்துவிட்டதே குருதான். அதை அறிந்தும் வாய் திறவாமல், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு போகிறாள் அவள். அடுத்த கூட்டத்தில் அண்ணையிடம் கேட்டேன்.

"நீங்கள் கடைசிமட்டும் பார்த்தனீங்களோ?"

"ஓம், எத்தினை தரம்!"

"பிறகேன் துரோகி எண்டுறியள்?"

"சனம் குழம்பும் பிள்ளை. கெட்டது ஆர் எண்டு தெரியாமல் வீட்டை போகக்கூடாது."

தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

எங்களோடு படம் பார்க்க வந்த மாலா கணவரைப் பிரிந்தபோதும் தேநீர் மேசையிலேயே அண்ணையின் தீர்ப்பு வந்தது. "உவவும் அந்த வாள்காரி மாதிரித்தான்." மாலாவின் பாஸ்போர்ட்டைக் கணவர் பூட்டிவைத்திருந்ததை நானே அண்ணையிடம் சொல்லியிருந்தேன். அதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. மறுமாதம் மாலாவின் இருபக்கமும் எவரும் உட்காரவில்லை. அதன்பின் அவள் வருவதில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். "முகம் நடிக்கும், காலைப் பாருங்கோ" என்பார். உண்மை. வெளியேறும் அந்த வீராங்கனையின் கால்கள் ஓடவில்லை. வாசற்படியில் ஒருகணம் தயங்கி, பிறகு சீராக நடக்கின்றன. இதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் இதைக் காணாமலா இருந்திருப்பார்?

முப்பத்தோராம் நாள் காரியம் கழிந்ததும் அவர் நினைவாக அதே படத்தைப் போட வேண்டுமாம். "அண்ணை நிப்பாட்டிற இடத்திலையே நிப்பாட்டுங்கோ, அதுதான் மரியாதை" என்றார் செயலாளர். ஓம் என்றேன். நிறுத்தமாட்டேன். மாலாவையும் அழைக்கப்போகிறேன். இதை ஒருவரிடமும் இன்னும் சொல்லவில்லை. செயலாளர் இந்த அஞ்சலிக் குறிப்பைப் படித்தே தெரிந்துகொள்ளட்டும்.