எங்கள் வீட்டு லாட்ஜை அத்தை மூடிய கதை

தி. நகரில் வீடு இருப்பவர்களுக்கு ஊரில் சொந்தக்காரர்கள் அதிகம். மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் உறவில் யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும், புடவையும் நகையும் எடுக்க வருகிறவர்கள் விடிகாலையில் பெட்டியும் அல்வாவுமாக எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார்கள்.

அப்பாவும் அம்மாவும் எங்கள் பாத்திரக்கடைக்குப் போய்விடுவார்கள். வந்தவர்களைப் பார்த்துக்கொள்வது எங்களோடு இருந்த அத்தையின், அதாவது அப்பாவுடைய தங்கையின் பொறுப்பு. முடியாது என்ற சொல் அத்தையின் வாயில் வராது. ஒருவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி, இன்னொருவருக்குச் சுக்குக் காப்பி. பிறகு கடை கடையாக அவர்களோடு அலைய வேண்டும். பச்சைப் புடவை நன்றாக இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பாள். அரக்கைக் காட்டினால் அதுவும் நன்றாக இருக்கும். அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கேட்டவருக்குப் பிடித்த நிறத்தைத்தான் சொல்லியிருப்பாள்.

அவர்கள் ரயிலேறியதும் அத்தையின் அறைக் கதவு சாத்திக்கொள்ளும். குளிக்க மாட்டாள், தலை வார மாட்டாள், கூப்பிட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பாள். அபிராமபுரத்து டாக்டர் மாத்திரை கொடுப்பார். மெல்ல மெல்ல எழுந்து, ஒரு நாள் எனக்குப் பின்னல் போட்டுவிடுவாள். வீடே மூச்சு விடும். அடுத்த முகூர்த்த மாதம் வரும்வரைக்கும்தான் அது.

தனியாக இருப்பதால்தான் மனது இப்படி ஆகிறது, நாலு பேர் வந்து போனால் சரியாகிவிடும் என்று அப்பா நம்பினார். அதனால் அவரே ஊருக்குப் போன் போட்டு எல்லாரையும் வரச் சொல்வார். தங்கை மேல் அவ்வளவு பிரியம்.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் அத்தை சாப்பாட்டையே விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் மீட்டுக்கொண்டு வந்தோம். இன்னொரு முறை இப்படி வந்தால் பிழைப்பாளா என்று அம்மா அழுததை நானே கேட்டேன். அத்தை மறுபடி நடமாடத் தொடங்கியிருந்தபோது ஊரிலிருந்து பெரியம்மாவின் போன் வந்தது. மகளுக்குக் கல்யாணம், எட்டுப் பேர் வருகிறார்களாம்.

போனை எடுத்த அத்தை அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இந்தத் தடவை இங்க வேண்டாம் மதினி. எனக்கு முடியல. பக்கத்துலயே லாட்ஜ்ல ரூம் போட்டுக்கோங்க" என்றாள்.

அம்மா வந்து அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். விஷயம் கேள்விப்பட்டு, கடையைப் பாதியில் விட்டுவிட்டு அப்பா ஓடி வந்தார். நோய் முற்றிவிட்டது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வீட்டில் தனியாக விட முடியாது என்று என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் போனார்கள். முகத்தில் அடித்தாற்போலப் பேசிவிட்டாள் என்று அப்பா கூனிக் குறுகிச் சொல்லி, மாத்திரையைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டார்.

டாக்டர் அப்பாவை விட்டுவிட்டு, அப்படிச் சொன்னபோது எப்படி இருந்தது என்று அத்தையைக் கேட்டார்.

"பயமா இருந்துச்சு. அப்புறம் பசிச்சுது."

டாக்டர் சிரித்துவிட்டார். "இப்ப இருக்கிற மாத்திரையே போதும் சார். நீங்க யாரும் இவங்களை மன்னிப்புக் கேக்கச் சொல்லாம இருங்க, அதான் முக்கியம்."

மாத்திரை வாங்குவது அப்பாவுக்குச் சுலபம். இது கஷ்டம். பெரியம்மாவைச் சமாதானப்படுத்த எத்தனையோ முறை போனைக் கையில் எடுத்து, அத்தையைப் பார்த்துவிட்டு, பேசாமல் கீழே வைத்தார். பெரியம்மா கோபத்தோடுதான் லாட்ஜில் தங்கினார். ஆனால் குளியலறைக்கு வரிசையில் நிற்க வேண்டாத சுகம் பிடித்துப்போய், ஊருக்குக் கிளம்பும் முன் அல்வாவோடு வந்து சிரித்துப் பேசினார். கல்யாணப் பெண்ணுக்கு எடுத்த மஞ்சள் புடவை அவளுக்கு எடுபடவில்லை என்று அத்தை சொன்னாள். பெரியம்மா முணுமுணுத்துக்கொண்டே போய் மாற்றிவிட்டார்.

அவர்கள் போன பிறகு நான் தினமும் காலையில் எழுந்ததும் அத்தையின் அறைக் கதவைத்தான் பார்ப்பேன். கதவு திறந்தே இருந்தது. நோய் அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். இப்போதும் எப்போதாவது தலைகாட்டும். இன்று முடியவில்லை என்று சொல்லிவிட்டுப் படுப்பாள், சில நாளில் எழுந்துவிடுவாள். வேளச்சேரியில் இப்போது அவள் இருக்கும் அடுக்குமாடியில், தண்ணீர் லாரி பற்றிக் கூட்டம் போட்டால் முதலில் சண்டைக்கு நிற்பது அவள்தான். நினைத்தால் எனக்கு அத்தனை நிம்மதி.

அன்று எனக்கு இதெல்லாம் புரியவில்லை. யார் எதைக் கேட்டாலும் சிரித்த முகமாகத் தலையாட்டுகிற அத்தைதான் சுகமாக இருக்கும் அத்தை என்று நினைத்திருந்தேன். பெரியம்மாவை வர வேண்டாமென்று அத்தை சொன்ன அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடம் போகிற வழியில் பிள்ளையார் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் பழைய அத்தையைத் திருப்பிக் கொடுத்துவிடு சாமி என்று கண்ணை இறுக்க மூடி வேண்டிக்கொண்டேன். நல்ல வேளை, பிள்ளையார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.