செல்வராசு அண்ணனின் கன்னம்

தயவுசெய்து இதை எங்கள் வீட்டு ஆட்கள் யாருக்கும் காட்டாதீர்கள். அப்பா பார்த்தால் போனோடு என் படிப்பும் போய்விடும்.

செல்வராசு அண்ணன் இறந்துவிட்டார். இன்று காலை, நெஞ்சுவலி...

அப்பா முதலாளியாக இருந்து அன்னவாசல் ரூட்டில் ஓட்டும் எங்கள் மினி பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நான் பள்ளிக்கூடம் போவதும் அதில்தான்.

வாயில் புற்றுநோய் வந்து அவருடைய வலது கன்னத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வலது தொடையின் சதையை வைத்துத் தைத்தார்கள். வெளித்தொடைக்கு உணர்ச்சி தரும் நரம்பையும் கூடவே எடுத்து, முகத்து நரம்போடு இணைத்தார்களாம். கன்னம் கட்டையாக மரத்துக் கிடக்கக் கூடாது என்று. உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகுமாம்.

அவர் திரும்பி வந்த புதிதில் பஸ்ஸே ஜன்னல் பக்கம் பார்த்தது. அவர் விடவில்லை.

"என்ன, எல்லாரும் அங்கிட்டே பாக்குறீங்க? கன்னத்துல கொசு கடிச்சா எனக்குத் தொடையில அரிக்குது. எங்க சொறியிறதுன்னு நானே முழிக்கிறேன்."

"அப்ப ஷேவிங் எங்கிட்டுப் பண்ணுவீங்க?" என்றார் பின்சீட்டு அக்கா ஒருவர்.

"தொடைக்குன்னு தனி பிளேடு வாங்கியிருக்கேன் ஆத்தா."

வலது தொடையில் சதை எடுத்த புண் ஆறாமல், அதை மூட இடது தொடையிலிருந்து கொஞ்சம் தோல் எடுக்க வேண்டியிருந்தது. முழு மயக்கம் கொடுக்கவில்லை. இடுப்பெலும்பு ஓரமாக, இடது பக்கத்து அதே நரம்புக்குப் பக்கத்தில் ஒரு ஊசி. வெளித்தொடை மட்டும் மரத்துப்போனது.

"டாக்டர் தோலச் சீவுறாரு, நான் அவருகிட்ட விராலிமலைக்கு எந்த பஸ்ஸு நல்ல பஸ்ஸுன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

பிறகு ஒரு நாள், படிக்கட்டில் நின்றவர் சட்டென்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஏ ஆத்தா... காத்து தெரியுது."

அவர் சிரித்தபோது நான் படம் எடுத்தேன்.

அடுத்த வாரமே அப்பா அவரை ஷெட்டில் பஸ் கழுவ அனுப்பிவிட்டார்.

"சனம் ஒன் மூஞ்சியப் பாத்துட்டு ஏற மாட்டேங்குது செல்வராசு."

"டிக்கெட்டு கிழிக்கிறது கைதானே மொதலாளி?"



இன்று மாலை அதே அப்பாதான் கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போனார். நானும் போனேன்.

"அந்தக் கன்னத்த மட்டும் சரி பண்ணிருங்க தம்பி."

கடைக்காரர் இடது கன்னத்தை அப்படியே திருப்பி வலது பக்கம் ஒட்டினார். கீழே 'எங்கள் அன்பு நடத்துனர்'. அதைவிடப் பெரிதாக எங்கள் பஸ்ஸின் பெயர்.

"வேண்டாம்ப்பா, அவரு மொகமே மாறிப்போச்சு" என்றேன்.

"வாய மூடிட்டு வண்டியில ஏறு."

ஏறினேன். ஆனால் வாயை மூட மாட்டேன்.

பேனரில் இருப்பவரை எனக்குத் தெரியாது. நான் போடும் இந்தப் படத்தில், படிக்கட்டில் நின்று சிரிக்கிறாரே, தையல் தெரிகிறதே... இவர்தான் செல்வராசு அண்ணன். காற்று பட்ட கன்னம் இதுதான்.



போய் வாங்க அண்ணா.

அப்பா கதவைத் தட்டுகிறார். போஸ்ட் போட்டுவிட்டுத்தான் திறப்பேன்