சனிக்கிழமை கேட்கும் கேள்வி

நோர்வேயில் ஆராதனை நடத்தும்போது என் வலது காதுக்குள் ஒரு சின்னக் கருவி 'டிக், டிக்' என்று அடித்துக்கொண்டே இருக்கும். தாளம் பிசகாமல் பாட இங்கே அப்படித்தான். ஊரில் இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். ஒரு ஞாயிறு பாடும்போது எனக்கு உண்மையாகவே கண்ணீர் வந்தது. ஒலி பார்க்கிற லார்ஸ் என்ற நோர்வேக்காரர் ஓடிவந்து, "காது நோகிறதா?" என்று கேட்டு, கருவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனார். நல்ல மனுசன். அன்றிலிருந்து, என் கண்ணீர் உட்பட, ஆராதனையில் யார் அழுதாலும் எனக்குச் சந்தேகம்.

அதிகம் சந்தேகப்பட்டது தங்கச்சி ஜெயசீலியைத்தான். எங்கள் ஊரான கண்டாவளையில் வயலோரம் தகரக் கூரை போட்ட எங்கள் சின்னச் சபையில் இப்போது அவள்தான் பாடல் நடத்துகிறாள். ஃபோனில் நேரலை வரும். ஒரே பாட்டில், ஒரே வரியில் அவள் குரல் உடையும். ஒருநாள் என்றால் சரி. ஒவ்வொரு கிழமையுமா? முடிந்ததும் ஃபோன் எடுத்துக் கேட்பேன்: "ஆருக்குக் காட்ட அழுதனீ?" அவள் கதையை மாற்றிவிடுவாள்.

போன வருடம் லீவில் ஊருக்குப் போனேன். நான் முதன்முதல் பாடிய அந்தச் சபையில் ஒருமுறையாவது ஆராதனை நடத்த வேண்டும் என்பதுதான் ஆசை. ஜெயசீலி மறுக்கவில்லை. "அப்ப சனிக்கிழமை என்னோடை வாங்கோ, வீடுவீடாய்ப் போய்க் கேக்கோணும்" என்றாள். ஞாயிறு பாடல் நடத்துபவர் முதல்நாள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "என்னிலை ஏதும் மனத்தாங்கல் இருக்கோ?" என்று கேட்க வேண்டுமாம். யாராவது இருக்கு என்றால், அது தீரும்வரை மைக்கைத் தொடக்கூடாது. போர் முடிந்து மீள்குடியேறிய சனம் ஒருவரையொருவர் நம்பாமல் ஒரே கூரைக்குள் இருந்த நாட்களில் தொடங்கிய வழக்கம். நான் அதற்கு முன்பே நாட்டைவிட்டு வெளிக்கிட்டவன். எனக்கென்னவோ, மைக்கை விடாமல் வைத்திருக்க அவள் கண்டுபிடித்த வழி போலத்தான் பட்டது.

சைக்கிளில் போனோம். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி தந்தார்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய பாக்கியம் அக்கா, "வந்து ரெண்டு நாளுதானே தம்பி, அதுக்குள்ள என்னா கோவம்?" என்று சிரித்தார். கடைசியில் எங்கள் வீட்டுப் படலையடியில் ஜெயசீலி சைக்கிளை நிறுத்தினாள்.

"என்னட்டையும் கேளுங்கோ, அண்ணா."

சிரித்துக்கொண்டே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஓம், இருக்கு. இவ்வளவு ஞாயிறும் பாத்தனீங்கள். ஒருநாளாவது என்னோடை சேந்து பாடினனீங்களோ? வேவுதானே பாத்தனீங்கள்."

கடவுளே, நல்லாய்ப் போட்டாள். என் ஆசை அந்தப் படலையடியிலேயே முடிந்தது. இனி வழக்கம்போல் அவள்தானே பாடல் நடத்த வேண்டும்; முறைப்படி அவளும் என்னைக் கேட்டாள்.

"உங்களுக்கு என்னிலை ஏதும் இருக்கோ?"

"இல்லை" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "பொய் சொல்லாதேங்கோ. முகத்திலை எழுதிக் கிடக்கு."

மறுநாள் அவளும் மைக்கைத் தொடவில்லை. சனத்தோடு சனமாய் இருவரும் ஒரே பாயில் இருந்தோம். விடியவே எழும்பி எல்லா வீட்டிலும் கேட்டுவிட்டு வந்த பாக்கியம் அக்கா, சுருதி தப்ப அதே பாட்டைத் தொடங்கினார். அந்த வரி வந்ததும் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் கையில் மைக் இல்லை, முன்னால் நேரலை இல்லை. வாய்க்குள் பாடிக்கொண்டிருந்த ஜெயசீலியின் குரல் அதே இடத்தில் உடைந்தது. நான் பார்ப்பது தெரிந்துதான் உடைந்ததோ என்று என் பாழாய்ப்போன மனம் அப்போதும் கேட்டது.

திரும்பி வந்துவிட்டேன். இங்கே சனிக்கிழமைகளில் ஒத்திகை மட்டும்தான், யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதனால் நானே ஜெயசீலிக்கு எடுத்துக் கேட்கிறேன். "எனக்கு உங்களிலை இப்ப ஒண்டுமில்லை, அண்ணா" என்கிறாள். பிறகு அவள் தன் கேள்வியைக் கேட்கிறாள். மனமார 'இல்லை' என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை, பொய் சொன்னாலோ அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஞாயிறு வந்தால் நான் மேடையில் நிற்கிறேன். வலது காதுக்குள் டிக், டிக். இடது காதில் எதையும் மாட்டுவதில்லை. கண்டாவளையில், என்னைவிட நன்றாகப் பாடுகிறவள் இன்னும் பாயில்தான் இருக்கிறாள்.