அல்தாப் வீட்டு எர்த் வயர்

கடையநல்லூரில் தான் கட்டிய வீட்டைப் பார்க்க வருகிறவர்களை அல்தாப் முதலில் மீட்டர் பலகைக்குப் பக்கத்தில்தான் கூட்டிப்போவான். துபாயிலிருந்து அவனே கொண்டுவந்த சர்ஜ் புரொடெக்டர் பெட்டி அங்கே பச்சை விளக்கோடு இருக்கும். "எந்த இடி விழுந்தாலும் டிவிக்கு ஒண்ணும் ஆகாது" என்பான்.

அவன் மனைவி ஜுஹைனாவுக்கு அதைக் கேட்டாலே வாய் கோணும். இடியின் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க, பெட்டியிலிருந்து கொல்லைப்பக்கத்து எர்த் குழிக்குப் போகிற வயர் அவ்வளவு சோப்ளாங்கி. ஐயா சாதாரண ஆளில்லை, துபாயில் எலக்ட்ரிகல் போர்மேன். மெயின் வயரின் கனத்துக்குத் தக்க எர்த் வயர் இல்லையென்றால் வேலையாட்களைக் காய்ச்சி எடுத்துவிடுவான். சொந்த வீட்டில் மட்டும் டைல்ஸுக்கும் கேட்டுக்கும் அள்ளிவிட்டு, மண்ணுக்குள் போகிறதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று, விளக்குகளுக்கு இழுத்து மிஞ்சிய வயரை நீட்டிவிட்டான்.

ஐப்பசியில் ஓர் இடி இறங்கியது. டிவி போனது, பெட்டி கருகியது, எர்த் வயர் குழியோரத்தில் உருகி அறுந்தது. அதற்குப் பிறகு, கசிகிற கரண்ட் மண்ணில் இறங்க வழியில்லாமல், வாஷிங் மெஷினைத் தொட்டால் ஷாக். துபாய்க்குப் போன் போட்டு ஜுஹைனா சொன்னாள்.

"செருப்பு போட்டுட்டுத் தொவைட்டி. குத்தால சீசனுக்கு வந்து நானே மாத்துதேன்."

"இங்கன யாரையாவது கூப்பிட்டுப் பாக்கட்டுமா?"

"என் வேலையில இன்னொருத்தன் கை வைக்கதா? ஊர்ல சிரிப்பான்."

அவனுடைய கௌரவத்துக்காக அவள் ரப்பர் செருப்போடு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு துவைத்தாள். பயமாக இருந்தது. அதைவிட, இவனையும் ஒரு போர்மேன் என்று வைத்திருக்கிறார்களே என்று இளக்காரமாக இருந்தது.

ஆனியில் வந்தான். தினமும் கூட்டாளிகளோடு குற்றாலம், எண்ணெய் தேய்ப்பு, அருவிக் குளியல், வரும் வழியில் பரோட்டா. வயரைப் பற்றிக் கேட்டால் நாளைக்கு என்பான்.

ஒருநாள் காலையில், அருவிக்குக் கொண்டுபோகத் துண்டு எடுக்க ஈரத்தரையில் வெறுங்காலோடு போய் மெஷின் மூடியைத் தூக்கினான். மறுநிமிடம் சுவரோரம் விழுந்து கிடந்தான். நல்லவேளை, மெஷின் கையை விட்டிருந்தது. அன்று மத்தியானத்துக்குள் தென்காசியிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் செம்பு வயர் வந்துவிட்டது.

குழியைத் தோண்டி, அறுந்த நுனியை எடுத்துக் காட்டினான். "நம்ம சைட்ல ஒருத்தன் இதைப் போட்டிருந்தா அன்னைக்கே வேலைய விட்டுத் தூக்கிருப்பேன்."

ஜுஹைனா அந்த நுனியைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"எனக்கு அடிச்சப்போ செருப்பு போடச் சொன்னீங்க" என்றாள். "ஒங்களுக்கு அடிச்ச பெறவுதான் வயரு வருது."